செங்டுவில் காற்று நகராத மாதங்கள்

கேள்வி: என் மகனுக்குச் சீனாவின் செங்டு நகரில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. வரும் செப்டம்பரில் கிளம்புகிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வீசிங் உண்டு, மழைக்காலத்தில் இன்ஹேலர் எடுப்பான். அந்த ஊரில் ஜனவரியில்கூட 6 டிகிரிதான், பனி விழுவது அபூர்வம் என்று சொன்னார்கள், நிம்மதியாக இருந்தது. ஆனால் அங்கே படிக்கும் பக்கத்து ஊர்ப் பையன் 2024 டிசம்பரில் எடுத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினான். ஒரே நாள், ஒரே நேரம். ஒரு செயலியில் காற்றுத் தரம் 160 என்று சிவப்பில் இருக்கிறது. சீனச் செயலியில் 91, மஞ்சள். "ஒரு மாசமா சூரியனையே பாக்கலை ஆன்ட்டி" என்கிறான். எந்த எண்ணை நம்புவது? பிள்ளையை அனுப்பலாமா? எந்தெந்த மாதம் கவனமாக இருக்க வேண்டும்?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மருத்துவர் உங்கள் மகனின் நுரையீரலைச் சோதித்துப் பார்த்து "போகலாம்" என்று சொன்னால், தாராளமாக அனுப்புங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நீங்கள் பதற்றமில்லாமல் படிக்கலாம். ஆனால் உங்களுக்கு நிம்மதி தந்த அந்த 6 டிகிரியை மட்டும் மறந்துவிடுங்கள். செங்டுவில் மூச்சுக்குச் சோதனை வைப்பது குளிர் இல்லை. காற்று நகராமல் நிற்பதுதான்.

நான் மருத்துவன் இல்லை. வானிலைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அந்த வேலையின் நடுவே இரண்டு குளிர்காலங்கள் செங்டுவில் தங்கியிருக்கிறேன். அதனால் வானத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வேன். மருந்தைப் பற்றி எதைச் சொன்னாலும் அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அந்த ஊர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சிச்சுவான் மாகாணத்தின் கிழக்குப் பாதி ஒரு பெரிய கிண்ணம். செங்டு அந்தக் கிண்ணத்தின் மேற்கு ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால் 6,250 மீட்டர் உயரமுள்ள சிகுனியாங் சிகரம். அதற்கும் பின்னால் திபெத் பீடபூமி. வடக்கே சின்லிங், டாபா மலைத்தொடர்கள். தெற்கே மேட்டுநிலம். கிழக்கிலும் மலைகள்தான், அவற்றைக் குடைந்துகொண்டுதான் யாங்சி ஆறு வெளியேறுகிறது. சுற்றிலும் சுவர், நடுவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள்.

இந்த மலைகள் அந்த ஊருக்குக் கேடு மட்டும் செய்யவில்லை. மின் என்னும் ஆறு மேற்கு மலைகளிலிருந்து கொண்டுவந்து பரப்பிய வண்டல்தான் செங்டு சமவெளி. கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர் அந்த ஆற்றைப் பிரித்துவிட்ட டூஜியாங்யான் நீர்ப்பாசன அமைப்பு இன்றைக்கும் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. கல்லணையை நினைத்தால் நமக்கு வரும் அதே மரியாதை எனக்கு அங்கே நின்றபோது வந்தது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்றையும் இந்த வடக்கு மலைகளே தடுக்கின்றன. பெய்ஜிங்கில் ஜனவரிச் சராசரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது செங்டுவில் 5, 6 டிகிரியில் நிற்பது அதனால்தான். உங்களை மகிழ்வித்த எண் அங்கிருந்து வந்தது.

ஆனால் குளிரைத் தடுத்த சுவர் காற்றையும் தடுத்துவிடுகிறது. பெய்ஜிங்கில் புகை மூட்டம் சேர்ந்தாலும், வடமேற்குக் காற்று ஒரு நாள் அடித்தால் சில மணி நேரத்தில் வானம் நீலமாகிவிடும். செங்டுவுக்கு அந்தக் காற்று வந்து சேரும்போது வலுவிழந்திருக்கும். ஆண்டுச் சராசரிக் காற்று வேகம் விநாடிக்கு ஒன்றே கால் மீட்டர் அளவுதான். நீங்கள் காய்கறிப் பையோடு நிதானமாக வீட்டுக்கு நடந்து வரும் வேகம் அது. பீடபூமி ஒரு பாறை மாதிரி மேற்குக் காற்றை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஆற்றில் பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்குமே, செங்டு இருப்பது அப்படிப்பட்ட இடத்தில்.

தேங்கினால் மட்டும் போதாது, மூடியும் வேண்டும். அதைக் குளிர்காலம் கொண்டுவருகிறது. வழக்கமாக உயரே போகப் போகக் காற்று குளிரும். கீழே உள்ள வெதுவெதுப்பான காற்று எழும்பி, தூசியையும் புகையையும் மேலே கொண்டுபோய்க் கலைத்துவிடும். செங்டுவில் டிசம்பர், ஜனவரியில் இது தலைகீழாகும். கிண்ணத்தின் அடியில் குளிர்ந்த ஈரக்காற்று படிந்திருக்கும். பீடபூமிப் பக்கமிருந்து நகர்ந்து வரும், ஒப்பீட்டில் வெப்பமான காற்று அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அடியில் இருப்பது மேலே எழும்ப முடியாது. வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, வயல்களின் உரத்திலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியா எல்லாமே சில நூறு மீட்டர் உயரமுள்ள ஓர் அறைக்குள் பூட்டப்பட்டது போலாகிவிடும்.

போகிப் பண்டிகைக் காலையில் சென்னையைப் பார்த்திருந்தால் இது உடனே விளங்கும். அன்றைக்கும் காற்று அசையாது, மேலே மூடி இருக்கும், புகை தெருவிலேயே கிடக்கும். ஆனால் பத்து, பதினொரு மணிக்கு வெயில் ஏறும், தரை சூடாகும், கடற்காற்று வரும், புகை போய்விடும். செங்டுவில் வெயிலும் ஏறாது, கடலும் இல்லை. காலையில் இருந்த மூட்டம் மறுநாளும் இருக்கும், அடுத்த நாள் கொஞ்சம் தடிக்கும். நான்கைந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல் இப்படியே ஏறிக்கொண்டு போவதை நான் கருவியில் பார்த்திருக்கிறேன். வடக்கிலிருந்து ஒரு குளிர் அலை எப்படியோ மலையைத் தாண்டி மழையோடு வந்தால்தான் கோடு கீழே இறங்கும்.

அந்தப் பையன் ஒரு மாதமாகச் சூரியனைப் பார்க்கவில்லை என்று சொன்னது மிகையாக இருக்காது. செங்டுவில் ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலே வெயில் ஏறக்குறைய 1,000 மணி நேரம்தான். நம் ஊரில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கிடைக்கிறது. சிச்சுவானுக்குப் பழைய பெயர் ஷூ. "ஷூ நாட்டு நாய் சூரியனைக் கண்டால் குரைக்கும்" என்றொரு வழக்கு, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய டாங் பேரரசு காலத்திலிருந்தே சீனத்தில் உண்டு. அன்றைக்குத் தொழிற்சாலை எங்கே இருந்தது? மேகமும் மூடுபனியும் அந்த நிலத்தோடு பிறந்தவை. ஆகவே ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறமாக இருக்கும் எல்லா நாளும் நஞ்சு நாள் என்று தம்பி பயப்பட வேண்டாம். சீனர்கள் வெறும் மூடுபனியை 'வூ' என்பார்கள், மாசு மூட்டத்தை 'மாய்' என்பார்கள். அங்குள்ள வானிலை அறிவிப்பில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து, தனித்தனிக் குறி. போன முதல் வாரத்திலேயே அந்த இரண்டு எழுத்தையும் அவன் அடையாளம் தெரிந்துகொள்ளட்டும்.

வேதனை என்னவென்றால், அங்கே ஒன்று மற்றொன்றுக்குத் துணை போகிறது. ஈரக்காற்றில் வாகனப் புகையின் நைட்ரஜன் வாயுக்களும் அம்மோனியாவும் சேர்ந்து நுண்துகளாக மாறுகின்றன. அந்தத் துகள்கள் ஈரத்தைக் குடித்து வீங்குகின்றன. துகள் மூட்டம் வெயிலை மறைக்கிறது, தரை இன்னும் குளிர்கிறது, மேலே உள்ள மூடி இன்னும் இறுகுகிறது.

இனி உங்கள் இரண்டு ஸ்கிரீன்ஷாட். அவற்றில் எதுவும் பொய் சொல்லவில்லை. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் அன்றைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 68 மைக்ரோகிராம் இருந்திருக்கும். சீனா 2012இல் வகுத்து, அந்த டிசம்பரில் நடப்பில் இருந்த அளவுகோலில் 75 மைக்ரோகிராம் வந்தால்தான் எண் 100ஐத் தொடும். ஆகவே 68 அங்கே 91, மஞ்சள். அமெரிக்க அளவுகோலில் 35 மைக்ரோகிராமிலேயே எண் 100 ஆகிவிடும். அதே 68 அங்கே 160, சிவப்பு. இந்திய அளவுகோலில் 60 மைக்ரோகிராம்தான் 100. நம் ஊர்க் கணக்கில் அது 120ஐத் தாண்டும். ஒரே கைக்குழந்தையை மூன்று தராசில் நிறுத்த மாதிரி, குழந்தையின் எடை மாறவில்லை. தம்பியிடம் சொல்லுங்கள்: எண்ணையும் நிறத்தையும் விட்டுவிட்டு, செயலிக்குள்ளே போய் மைக்ரோகிராம் எவ்வளவு என்று பார்க்கட்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 15. வீசிங் உள்ளவன் மஞ்சள் நிறத்தைப் பார்த்து "நல்ல நாள்" என்று ஓடப் போகக் கூடாது. என்னைக் கேட்டால், 50ஐத் தாண்டிய நாளில் மைதானத்துக்கே போக வேண்டாம் என்பேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊருக்கு அநியாயம் செய்தவனாவேன். 2013இல் செங்டுவின் ஆண்டுச் சராசரி 90 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சீன அரசு நாடு முழுவதற்குமான காற்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. நிலக்கரிக் கொதிகலன்கள் மூடப்பட்டன, வார நாட்களில் கார்களுக்கு வண்டி எண்ணின் கடைசி இலக்கப்படி முறை வைத்தார்கள், அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிப்பதைத் தடுத்தார்கள். பத்தாண்டில் சராசரி 40ஐ ஒட்டி வந்துவிட்டது. மலையை நகர்த்த முடியாத ஊர் தன் புகையைப் பாதிக்கும் மேல் குறைத்திருக்கிறது. அப்படியும் அந்தச் சராசரி கோடைமழை மாதங்களையும் சேர்த்து வருவது. டிசம்பரும் ஜனவரியும் அதற்கு வெகு மேலே நிற்கும்.

மாதக் கணக்குக்கு வருகிறேன். என் மனதில் உறுத்துவது செப்டம்பர்தான். அவன் போய் இறங்கும்போது அங்கே இலையுதிர்கால மழை. சிச்சுவானிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் செப்டம்பர், அக்டோபரில் நாள்கணக்காகத் தூறும். பாதிக்கு மேற்பட்ட மழை இரவில்தான் பெய்யும். காலையில் எழுந்து பார்த்தால் தெரு கழுவிவிட்டது மாதிரி இருக்கும், காற்றும் சுத்தம். "அம்மா, இங்கே ஒண்ணுமே இல்லம்மா, சும்மா பயந்தோம்" என்று போன் செய்வான். மருத்துவர் தினமும் எடுக்கச் சொல்லித் தடுப்பு இன்ஹேலர் கொடுத்திருந்தால், நவம்பர் நடுவில் அதை நிறுத்திவிடுவான். தேர்வு நெருங்கும் டிசம்பரில், தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கும் நேரத்தில், மூடி இறங்கும். அந்த முதல் டிசம்பருக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். மருத்துவரிடம் போகும்போது இதை அப்படியே சொல்லுங்கள். எந்த மருந்தை எப்போதும் நிறுத்தக் கூடாது, மூச்சு எந்த அளவுக்கு இழுத்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மருந்தின் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் மூலப்பெயரோடு சீட்டு இருக்க வேண்டும்.

ஜனவரி நடுவில் பெரும்பாலும் கல்லூரிகளுக்கு வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு, விடுமுறை தொடங்கும், ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். முதல் ஆண்டு கட்டாயம் ஊருக்கு வரவழைத்துவிடுங்கள். மூடி இறுகியிருக்கும் நாட்களில் பல திண்டுக்கல்லில் கழிந்துவிடும். பணம் இருக்கிறது என்றால் இதற்குச் செலவழியுங்கள்.

மார்ச் முதல் மே வரை மெல்ல மெல்லத் திறக்கும். எப்போதாவது வடக்கிலிருந்து புழுதி மூட்டம் வரும், ஓரிரு நாளில் போய்விடும். ஜூலை, ஆகஸ்டில் நல்ல மழை. ஆனால் கோடையில் மேகம் விலகி வெயில் கொளுத்தும் நாளும் உண்டு. 2022 ஆகஸ்டில் சிச்சுவானில் வறட்சியும் வெப்ப அலையும் வந்து, ஆறுகள் வற்றி, நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த மாகாணம் தொழிற்சாலைகளைச் சில நாள் மூட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நாளில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் தரைமட்டத்தில் ஓசோன் வாயு சேரும். கண்ணுக்குத் தெரியாது, வீசிங் உள்ளவர்களுக்கு நெஞ்சை இறுக்கும். முகக்கவசமும் அதைத் தடுக்காது.

இதனால் நேரக் கணக்கு இரண்டு பருவத்துக்கும் நேர்மாறாக இருக்கிறது. குளிர்காலத்தில் காலை நேரம் மோசம், பத்து பதினொரு மணி வரை துகள் ஏறிக்கொண்டே இருக்கும். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள்தான் கொஞ்சம் தணியும். ஜன்னலைத் திறப்பது, துணி காயவைப்பது, நடைப்பயிற்சி எல்லாம் அப்போது. கோடையில் அதே பிற்பகல் ஓசோன் உச்சத்தில் நிற்கும் நேரம், ஆகவே காலையில் நடக்கட்டும். நம் வீடுகளில் "விடியக்காலைக் காற்று நல்லது" என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தப் பேச்சு செங்டு டிசம்பருக்குப் பொருந்தாது.

அறைக்குள்ளும் ஒரு சங்கதி இருக்கிறது, இதைப் பலர் சொல்லமாட்டார்கள். சீனாவில் சின்லிங் மலையும் ஹுவாய் ஆறும் சேர்ந்த கோட்டுக்கு வடக்கே உள்ள நகரங்களில்தான் அரசு குழாய் வழியாக வெப்பம் தரும். செங்டு அந்தக் கோட்டுக்குத் தெற்கே. அதனால் வெளியே 6 டிகிரி என்றால் விடுதி அறைக்குள்ளும் பத்துக்குள்தான் இருக்கும், அதுவும் ஈரத்தோடு. பிள்ளைகள் ஜன்னலை இறுக மூடிக்கொண்டு, ஈரத்துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டு, மூலையில் பூஞ்சை பிடிக்க விட்டுவிடுவார்கள். நான் தங்கிய வாடகை வீட்டிலேயே முதல் குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துவிட்டது. ஒரு மாதம் இருமிய பிறகுதான் அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். பூஞ்சை வீசிங்குக்கு எவ்வளவு பகை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மின்சாரப் போர்வையைப் பயன்படுத்த விடுதி அனுமதிக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பான் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே எளிதாகக் கிடைக்கும், மாற்று வடிகட்டியும் அங்கேதான் கிடைக்கும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதா, அறையின் அளவுக்குப் போதுமா என்று மட்டும் பார்த்து வாங்கட்டும், நவம்பருக்குள் வாங்கட்டும். கையடக்கமான துகள் அளக்கும் கருவியும் மலிவாக விற்கும். அதை வாங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும்: அது ஒளியை வைத்து அளப்பது, மூடுபனிக் காலையில் ஈரத்தில் வீங்கிய துகளைப் பார்த்து அதிகமாகக் காட்டும். முகக்கவசம் என்-95 வகை, முகத்தோடு ஒட்டி நிற்பது. துணி மாஸ்க்கும் மப்ளரும் குளிருக்குத்தான் உதவும்.

அந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். எட்டாம் நூற்றாண்டில் செங்டுவில் குடிசை போட்டு வாழ்ந்த கவிஞர் டு ஃபூ, தன் ஜன்னலுக்குள் மேற்கு மலையின் காலம் காலமான பனி தெரிவதாகப் பாடியிருக்கிறார். நான் போனபோது அதைக் கற்பனை என்றே நினைத்தேன். ஒருநாள் இரவு முழுக்க மழை பெய்து ஓய்ந்த காலையில், எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஒரே கூட்டம். கீழ்வீட்டுப் பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கை நீட்டினார். அடுக்குமாடிகளுக்குப் பின்னால், வெள்ளை வெளேரென்று மலை. எல்லோர் கையிலும் போன். அங்கே மக்கள் பனிமலை தெரிந்த நாட்களைக் கணக்கு வைத்துக் கொண்டாடுகிறார்கள். அப்படி மழை ஓய்ந்த காலையில் மலை தெரிந்தால் காற்றில் துகள் குறைவு. எந்தச் செயலியும் வேண்டாம். தம்பி அறையிலிருந்து மேற்குப் பக்கம் பார்வை இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு காலையில் அவன் மைதானத்துக்கு ஓடட்டும், யாரும் தடுக்க வேண்டாம்.

பயணச்சீட்டு எடுக்கும்போது ஒன்று. ஜனவரியில் செங்டு விமான நிலையத்தில் அதிகாலை மூடுபனியால் விமானங்கள் தாமதமாவது உண்டு, இணைப்பு விமானம் தவறிவிடும். ஊருக்கு வருகிற சீட்டைப் பிற்பகல் விமானத்துக்கு எடுங்கள்.